பழகிய தோசைக்கல்லை மறுபடியும் பழக்க வேண்டியதில்லை

கேள்வி: எனக்கு 63 வயது. அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கரூர் பக்கம் வசிக்கிறேன். போன வாரம் மகள் எனக்குப் புதிய கைப்பேசி ஒன்று வாங்கிக் கொடுத்தாள். கடையில் இருந்த பையன், "அணைத்து வைத்து எட்டு மணி நேரம் சார்ஜ் போடுங்கள். பிறகு சுத்தமாக இறங்கவிட்டு மறுபடியும் ஏற்றுங்கள். மூன்று தடவை இப்படிச் செய்தால்தான் பேட்டரி பழகும்" என்றான். என் கொழுந்தனாரும் அதையே சொல்கிறார். மகளோ சிரிக்கிறாள். நான் இரண்டு தடவை செய்து முடித்துவிட்டேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து எழுந்து பார்த்ததுதான் மிச்சம். மூன்றாவது தடவையும் செய்ய வேண்டுமா? இரண்டோடு நிறுத்தினால் கெட்டுவிடுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். நான்கு வருடமாக வைத்திருந்த பழைய ஆண்ட்ராய்டு போனுக்கு இரண்டு மாதத்துக்கு முன் பேட்டரி மாற்றினேன். இப்போது 22 சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடுகிறது. அதைக் "காலிபரேட்" செய்ய வேண்டும் என்கிறார்கள். அப்படியென்றால் என்ன? அந்தப் போனை அவசரத்துக்கு என்று பீரோவில் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

பதில்: அம்மா, வணக்கம். மூன்றாவது தடவை வேண்டாம். இரண்டோடு நிறுத்தியதால் எதுவும் கெடாது. அந்த இரண்டும்கூட அவசியமில்லாதவைதான், ஆனால் செய்துவிட்டதால் பெரிய நட்டமும் இல்லை. இன்றிரவு தூங்குங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது ஒன்று உண்டு. புதிய போனுக்கென்று சொல்லப்பட்ட வைத்தியம் அதற்குத் தேவையே இல்லை. அதே வைத்தியத்தில் ஒரு பகுதி உங்கள் பழைய போனுக்கு ஒருவேளை பலன் தரும். மருந்துச் சீட்டு ஆள் மாறிப் போயிருக்கிறது.

முதலில் உங்கள் கொழுந்தனாருக்காகக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். அவர் முதன்முதலில் கைப்பேசி வாங்கிய காலத்தில் அவர் சொல்வது சரியாகத்தான் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் வந்த நோக்கியா 3310, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியோடு வந்தது. அதன் கொள்ளளவு 900 மில்லி ஆம்பியர் மணி. அதற்கும் முந்திய போன்களில் நிக்கல் காட்மியம் இருந்தது. இந்த நிக்கல் வகைகளுக்கு ஒரு குணம்: சும்மா கிடந்தாலே சார்ஜை இழந்துகொண்டிருக்கும். தொழிற்சாலையை விட்டுக் கிளம்பி, கிடங்கில் கிடந்து, கடை அலமாரிக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பகுதி காலியாகிவிடும். ஒரே உறைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட செல்கள் அடுக்கப்பட்டிருக்கும், அவை எல்லாம் ஒரே அளவில் காலியாகியிருக்காது. அவற்றைச் சமமாக நிரப்ப வேண்டுமென்றால் மெல்லிய மின்னோட்டத்தில் பதினான்கு, பதினாறு மணி நேரம் வைத்திருப்பதுதான் அந்தக் காலத்து முறை. எட்டு மணி நேரம் என்பது அதன் தேய்ந்த வடிவம் என்றுதான் நினைக்கிறேன்.

சுத்தமாக இறங்கவிடும் பழக்கம் நிக்கல் காட்மியத்தின் "ஞாபக" நோயிலிருந்து வந்தது. தினமும் பாதி மட்டும் செலவழித்துவிட்டு ஏற்றிக்கொண்டே இருந்தால், நாளடைவில் அந்தப் பாதிக்கு மேல் கொடுக்க மறுக்கும். உள்ளே படிகங்கள் பெரிதாக வளர்ந்துவிடுவதுதான் காரணம். அவ்வப்போது அடிவரை இறக்கினால் அது சரியாகும்.

அதன்பின் லித்தியம் அயனி வந்தது. சோனி நிறுவனம் அதை 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழி வகுத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரில் டார்ச் விளக்குக்காகவே வாங்கப்பட்ட நோக்கியா 1100, 2003-இல் வந்தபோதே லித்தியம் அயனிக்கு மாறியிருந்தது. அதோடு இந்தப் பழைய சடங்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அக்காலத்து நோக்கியா கையேடுகளில், புதிய பேட்டரி இரண்டு மூன்று முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகே முழுத் திறனைக் காட்டும் என்ற வரி தொடர்ந்து அச்சாகிக்கொண்டிருந்தது. பேட்டரி மாறியது, வரி மாறவில்லை.

நானும் யோக்கியனில்லை. திருச்சியில் 22 ஆண்டுகளாகக் கைப்பேசி பழுது பார்க்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், "எட்டு மணி நேரம் போடுங்கள்" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் குருநாதர் சொன்னார், நான் சொன்னேன். அந்த வாக்கியத்தில் கடைக்காரனுக்கு ஒரு வசதியும் இருந்தது. புதிய பேட்டரி சரியில்லை என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவது மூன்று நாளாவது தள்ளிப்போகும். வந்தாலும், "மூன்று தடவை முழுதாக இறக்கினீர்களா?" என்று கேட்கலாம். எவரும் மூன்று தடவை சரியாகச் செய்திருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் புதிய போனுக்குள் இருப்பதைப் பார்ப்போம். புதிதாக வாங்கிய இரும்புத் தோசைக்கல்லை நீங்கள் எப்படிப் பழக்குவீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்த்து, சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடியும் தேய்த்து, கல்லின்மேல் ஒரு மெல்லிய படலம் ஏறும்வரை விடமாட்டீர்கள். அந்தப் படலம் இல்லாத கல்லில் தோசை ஒட்டும். லித்தியம் அயனி பேட்டரிக்கும் இதேபோல் ஒரு பழக்குதல் உண்டு. ஆகவே கடைப் பையன் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் அது தொழிற்சாலையில் நடந்து முடிந்துவிடுகிறது.

பேட்டரியின் எதிர்முனை, அதாவது மைனஸ் பக்கம், பெரும்பாலும் கிராஃபைட்டால் ஆனது. முதன்முதலாக மின்னேற்றும்போது, உள்ளே இருக்கும் மின்பகுளித் திரவத்தில் கொஞ்சம் சிதைந்து, கிராஃபைட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் படிகிறது. லித்தியம் அயனிகளை அது உள்ளே விடும், திரவத்தை மேலும் சிதையவிடாமல் தடுக்கும். கல்லைப் பழக்க நாலு கரண்டி எண்ணெய் செலவாவதுபோல, இந்தப் படலத்துக்கென்று பேட்டரியின் லித்தியத்தில் ஒரு பங்கு நிரந்தரமாகச் செலவாகிவிடும். அவசரப்பட்டு ஏற்றினால் படலம் சீராக அமையாது. அதனால் மிகக் குறைந்த மின்னோட்டத்தில், வெப்பநிலையைக் கண்காணித்தபடி, மணிக்கணக்கில் ஏற்றுவார்கள். அப்போது வெளிவரும் வாயுவை வெளியேற்றி உறையை மூடுவார்கள். பிறகு நாள்கணக்கில் சும்மா வைத்திருந்து, வோல்ட் தானாக இறங்கும் செல்களை ஒதுக்கித் தள்ளுவார்கள். பேட்டரித் தொழிற்சாலையில் அதிக நேரமும் இடமும் பிடிக்கும் வேலைகளில் இது ஒன்று. இந்தப் படியைத் தாண்டாத செல் எதுவும் போனுக்குள் போவதில்லை.

ஆக, பழகிய கல்தான் உங்கள் கைக்கு வந்தது. அதை நீங்கள் மறுபடியும் பழக்க முடியாது.

எட்டு மணி நேரம் சார்ஜில் வைத்தாலும் எட்டு மணி நேரமும் அது ஏறிக்கொண்டிருக்கவில்லை. முதலில் வேகமாக ஏறும். மேல் வரம்பு வோல்ட்டைத் தொட்டதும் மின்னோட்டம் படிப்படியாகக் குறையும், கடைசியில் போனுக்குள் இருக்கும் சார்ஜிங் ஐசி என்ற சிறு சிப் அதை நிறுத்திவிடும். இன்றைய போன்களில் இதெல்லாம் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், வேக சார்ஜர் என்றால் இன்னும் சீக்கிரம். மிச்ச நேரம் முழுதும் நீங்கள் விழித்திருந்தீர்கள், பேட்டரி ஓய்வெடுத்தது. போன் அணைந்திருந்ததா, இயங்கிக்கொண்டிருந்ததா என்பதிலும் வித்தியாசம் கிடையாது.

புதிய போனைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஏன் பாதி சார்ஜ் மட்டும் இருக்கிறது என்று பலர் கேட்பார்கள். லித்தியம் பேட்டரிக்கு நெடுநாள் கிடக்க நல்ல நிலை அதுதான், நிறைந்தும் இருக்கக்கூடாது, காலியாகவும் இருக்கக்கூடாது. பாதுகாப்பும் ஒரு காரணம். போனில்லாமல் தனியாக விமானச் சரக்கில் அனுப்பப்படும் லித்தியம் அயனி பேட்டரிகளில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது என்பது 2016-இலிருந்து உள்ள விதி. குறைவாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, அப்படியே எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கலாம்.

அந்த இரண்டு முழு இறக்கங்களால் என்ன போயிற்று என்று நீங்கள் கேட்கக்கூடும். பேட்டரியின் ஆயுளைச் சுற்றுகளில் கணக்கிடுவார்கள். மொத்தமாக 100 சதவீதம் செலவானால் ஒரு சுற்று, இன்று 50, நாளை 50 என்று போனாலும் சேர்த்து ஒன்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் திறன்பேசிகளின் பேட்டரிகள் 800 சுற்றுகளுக்குப் பிறகும் குறைந்தது 80 சதவீதக் கொள்ளளவை வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆப்பிள் தன் ஐபோன் 14 வரையிலான போன்களுக்கு 500 சுற்றும், 15 வரிசைக்கு 1000 சுற்றும் சொல்கிறது. இவற்றில் இரண்டு போனது ஒரு பொருட்டில்லை. ஆனால் அடிவரை இறக்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். அடிவரை போய் ஏறுவதைவிட நடுவிலேயே ஏறி இறங்குவதுதான் லித்தியத்துக்கு இதம். நிக்கலுக்கு மருந்தாக இருந்தது இதற்குத் தேய்மானம்.

முதல் வாரத்தில் புதிய போனில் சார்ஜ் வேகமாக இறங்குவதாகத் தோன்றினால், பேட்டரி பழகவில்லை என்று உடனே யாராவது சொல்வார்கள். பழைய போனிலிருந்து படங்களும் செய்திகளும் இறங்கிக்கொண்டிருக்கும், செயலிகள் தங்களைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும், படங்களில் உள்ள முகங்களைப் போன் வகைபிரித்துக்கொண்டிருக்கும். போதாக்குறைக்குப் புதுப்பொருள் ஆசையில் நாமும் கீழே வைக்க மாட்டோம். ஒரு வாரத்தில் எல்லாம் அடங்கும். மூன்று தடவை இறக்கி ஏற்றுவதற்கும் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால், பலன் சடங்கின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

இப்போது "காலிபரேட்" என்ற சொல்லுக்கு வருகிறேன். பலரும் குழம்புவது இங்கேதான். பேட்டரி வேறு, திரையில் தெரியும் சதவீதம் வேறு. காலிபரேட் செய்வது என்றால் அளவுமானியைச் சரிசெய்வது. பேட்டரியின் கொள்ளளவு அதனால் ஒரு சொட்டுகூட அதிகமாகாது.

தெருமுனையில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்கு ஒரு காவல்காரர் என்று வைத்துக்கொள்வோம். தொட்டிக்குள் எட்டிப் பார்க்க அவருக்கு வழியில்லை. எத்தனை குடம் உள்ளே போனது, எத்தனை குடம் வெளியே வந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே இருக்கிறார். "எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டால், கூட்டிக் கழித்துச் சொல்கிறார். போனில் அந்தக் காவல்காரர் ஒரு சிறிய ஐசி. மிகச் சிறிய மின்தடை ஒன்றின் வழியாக மின்னோட்டம் போகும்போது அதை அளந்து கணக்கு வைக்கிறது. கணக்கு என்றால் பிசகும். அரைக் குடம் சிந்தியது எழுதப்பட்டிருக்காது. நாளாக ஆகத் தொட்டியே சுருங்கிக்கொண்டிருக்கும், நோட்டில் பழைய அளவு இருக்கும்.

வோல்ட்டைப் பார்த்துச் சொல்லிவிடக்கூடாதா என்றால், லித்தியம் அயனியின் வோல்ட் அவ்வளவு எளிதில் உண்மையைச் சொல்லாது. நிறைந்திருக்கும்போது, வகையைப் பொறுத்து, 4.2 வோல்ட்டோ அதற்குக் கொஞ்சம் மேலோ இருக்கும். அங்கிருந்து இறங்கி, நடுப்பகுதி முழுவதும் 3.7, 3.8 என்று ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், கடைசியில் மளமளவென்று சரியும். வீடியோ அழைப்பில் இருந்தால் கொஞ்சம் இறங்கிக் காட்டும், வைத்துவிட்டால் ஏறிக்கொள்ளும். இதை வைத்துக்கொண்டு 55 சதவீதமா 60 சதவீதமா என்று சொல்ல முடியாது. தொட்டி வழியும்போதும், தரை தட்டும்போதும் மட்டும் காவல்காரருக்கு உண்மை சந்தேகமில்லாமல் தெரியும். அந்த இரண்டு தருணங்களிலும் அவர் நோட்டைத் திருத்திக்கொள்வார். முழுதாக ஏற்றி, முழுதாக இறக்கி, மறுபடியும் ஏற்றும் "காலிபரேஷன்" என்பது அவருக்கு அந்த இரண்டு தருணங்களையும் காட்டுவதுதான்.

புதிய போனில் இந்த நோட்டைத் தொழிற்சாலையிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அன்றாடப் பயன்பாட்டில் போன் தானாகத் திருத்திக்கொண்டும் வருகிறது. 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியை ஐபோனில் வைத்திருப்பவர்கள், எப்போதாவது அது தானாகவே 100 வரை ஏறுவதைக் கண்டு கோளாறு என்று நினைக்கிறார்கள். சதவீதக் கணக்கு பிசகாமல் இருக்க வேண்டுமென்றே அப்படிச் செய்கிறது. 2021-இல் ஐபோன் 11 வரிசையில் பேட்டரி ஆரோக்கியம் தவறாகத் தெரிந்தபோது, ஐஓஎஸ் 14.5 என்ற மென்பொருள் வழியாக ஆப்பிள் ஒரு மறுகணக்கை நடத்தியது. சில வாரங்கள் வழக்கம்போல் சார்ஜ் செய்துகொண்டிருந்தால் போதும் என்றுதான் சொன்னது.

பேட்டரியைக் காலிபரேட் செய்து தருவதாகச் சொல்லும் செயலிகளை நிறுவாதீர்கள். முன்பு ஆண்ட்ராய்டில் ஒரு புள்ளிவிவரக் கோப்பை அழிப்பதையே பெரிய வித்தையாகச் செய்தார்கள். எந்தச் செயலி எவ்வளவு மின்சாரம் எடுத்தது என்ற பட்டியலுக்கான கோப்பு அது, சதவீதத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை என்று கூகுளின் ஆண்ட்ராய்டு பொறியாளர் டயான் ஹாக்போர்ன் வெளிப்படையாக விளக்கினார். அதற்குப் பிறகும் அந்தச் செயலிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

உங்கள் பழைய போன் விவகாரம் இங்கேதான் வருகிறது. ஐபோன்களில் காவல்கார ஐசி பேட்டரியோடு ஒட்டிய சிறு பலகையில் இருக்கும். பல ஆண்ட்ராய்டு போன்களில் அது போனின் போர்டில் இருக்கும். அந்த வகையாக இருந்தால், நீங்கள் தொட்டியை மாற்றிவிட்டீர்கள், காவல்காரரும் நோட்டும் மாறவில்லை. நான்கு வருடம் தேய்ந்த பழைய பேட்டரியின் கணக்கை வைத்துக்கொண்டு அவர் புதியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். உங்களுக்கு இரண்டு மாதமாகியும் சரியாகவில்லை என்பதால், எனக்கு வேறொரு சந்தேகமும் இருக்கிறது. முதலில் செலவில்லாததைச் செய்து பார்ப்போம்.

அதற்கு முன், போனைத் திரை மேலே இருக்கும்படி சமமான மேசையில் வைத்து ஓர் ஓரத்தைத் தட்டிப் பாருங்கள். பம்பரம் போல் சுழன்றாலோ, திரை ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அப்படியானால் எதுவும் செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள், கடைக்கு எடுத்துப் போங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது. பிறகு குப்பையிலும் போடக்கூடாது.

உப்பவில்லை என்றால், ஒரு பகல் பொழுதில், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், 100 வரை ஏற்றுங்கள். 100 காட்டிய பிறகும் ஒரு மணி நேரம் சார்ஜரிலேயே இருக்கட்டும். பிறகு வழக்கம்போலப் பயன்படுத்தி, தானாக அணையும்வரை விடுங்கள். அணைந்ததும் மறுபடி மறுபடி தட்டி எழுப்ப வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே கிடக்கட்டும், பிறகு இடையில் கழற்றாமல் 100 வரை ஏற்றுங்கள். ஒருமுறை போதும், சந்தேகமிருந்தால் இன்னொருமுறை. அணையும் எண் 22-இலிருந்து 10, 5 என்று இறங்கினால் பிசகு நோட்டில்தான் இருந்தது, போன் நலம்.

அப்படியும் 20-க்குப் பக்கத்திலேயே அணைந்தால் அளவுமானியைக் குறை சொல்லிப் பயனில்லை. பேட்டரிதான் மட்டமானது. மின்னோட்டத்தை உள்ளேயே தடுக்கும் அதன் உள்தடை அதிகமாக இருக்கும். கேமராவைத் திறந்தாலோ, சிக்னல் குறைந்த இடத்தில் அழைத்தாலோ போன் சட்டென்று அதிக மின்னோட்டம் கேட்கும், அந்த நொடியில் வோல்ட் குப்புற விழும், போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். உள்ளே சார்ஜ் இருக்கும், ஆனால் கேட்ட வேகத்தில் கொடுக்க முடியாது. ஆப்பிளே இதில் மாட்டிக்கொண்டது. ஐபோன் 6, 6எஸ் வகைகள் தேய்ந்த பேட்டரியோடு இப்படித் திடீரென்று அணைந்ததால், 2017 ஜனவரியில் ஒரு மென்பொருள் மாற்றத்தின் மூலம் போனின் வேகத்தைக் குறைத்தது. அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை என்று எழுந்த கண்டனத்தால் டிசம்பரில் மன்னிப்புக் கேட்டுப் பேட்டரி மாற்றும் கட்டணத்தையும் குறைத்தது. அங்கே யாரும் முழுதாக ஏற்றி இறக்கச் சொல்லவில்லை, பேட்டரியை மாற்றித்தான் கொடுத்தார்கள்.

மாற்றிய கடைக்கே போய்க் கேளுங்கள், இரண்டு மாதம்தானே ஆகிறது. வேறு பேட்டரி தருவதாகச் சொன்னால், ஒட்டுவதற்கு முன் கையில் வாங்கிப் பாருங்கள். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். தயாரித்த தேதி இருந்தால் பாருங்கள். மூன்று வருடம் அலமாரியில் கிடந்த "புதிய" பேட்டரி புதியதில்லை. போனுடன் வந்ததைவிட ஒன்றரை மடங்கு கொள்ளளவு என்று அதே அளவு பேட்டரியின்மேல் போட்டிருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். அதே உறைக்குள் அவ்வளவு அடைக்க இடமில்லை. "பூஸ்ட் போட்டுத் தருகிறோம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செத்த பேட்டரியை எங்கள் மேசையில் இருக்கும் பவர் சப்ளையில் மாட்டி எழுப்புவோம். அது எழுந்து உட்காரும், நடமாடாது.

புதிய போனுக்கு என்னதான் செய்வது என்று கேட்டால், கரூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: வெயில். கரூர் பரமத்தியின் பெயர் கோடையில் தினமும் வானிலைச் செய்தியில் 40 டிகிரி பட்டியலில் வருகிறதே, உங்கள் பேட்டரி வாழும் ஊர் அது. ஆப்பிள் தன் போன்களுக்குச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. அக்னி நட்சத்திரத்தில் நம் வீட்டுக்குள்ளேயே அதற்கு மேல் இருக்கும். சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் லித்தியம் அயனி சீக்கிரம் கிழடு தட்டும். தொழிற்சாலையில் படிந்த அந்தப் படலம் சூட்டில் மேலும் மேலும் தடித்து, லித்தியத்தைத் தின்றுகொண்டே போகும். எங்கள் கடைக்கு உப்பிப்போய் வரும் பேட்டரிகளில் பெரும்பங்கு சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும்தான். சார்ஜ் போடும்போது தலையணை, மெத்தைமேல் வைக்காதீர்கள். இன்வெர்ட்டர்மேல், அடுப்புத் திட்டின் ஓரத்தில், ஜன்னல் வெயிலில் வேண்டாம். கையில் சுடுகிறது என்றால் பின்னுறையைக் கழற்றிவிட்டுத் தரையில் வையுங்கள். சிமெண்டுத் தரை நல்லது.

இரவு முழுவதும் செருகியே வைப்பது உங்கள் வழக்கமானால், அமைப்புகளில் பேட்டரி பகுதியைத் திறந்து, 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது வரும் பல போன்களில் இருக்கிறது. ஊருக்குப் போகும் நாளில் 100 வைத்துக்கொள்ளலாம். நாள் முழுவதும் 80-ஐத் தாண்டிவிட்டதா, 20-க்குக் கீழே போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். போனுக்காக நீங்கள் வாங்கப்படவில்லை.

கடைசியாக, பீரோ. பழைய போனை முழுதாக ஏற்றி வைத்துவிட்டு மறந்துவிடுவதும் தவறு, காலியாக வைப்பது அதைவிடப் பெரிய தவறு. காலியாகக் கிடந்தால் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கி, பாதுகாப்பு மின்சுற்று பேட்டரியைத் துண்டித்துவிடும் அளவுக்குப் போய்விடும். அதற்கும் கீழே போனால் எதிர்முனையில் இருக்கும் செம்புத் தகடே கரையத் தொடங்கும், அதன்பின் அதை ஏற்றுவது ஆபத்து. ஏறக்குறைய 50 சதவீதத்தில் அணைத்து, இரும்புப் பீரோ சுவரோரம் சூடேறும் இடத்தில் இல்லையென்றால் அதற்குள்ளேயே வையுங்கள். மேல்தட்டு வேண்டாம், ஓட்டுக்கு அருகில் வெக்கை அதிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாதிக்கு ஏற்றி வைத்தால் போதும். நாள் நினைவில் நிற்காது என்று தோன்றினால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கட்டணம் கட்டுகிறீர்கள் அல்லவா, அன்றைக்கு அதையும் எடுத்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.